தொப்புள்கொடிக் குறைபாடுகளும் பச்சிளங்குழந்தையின் நலமும்: ஸ்கேன் அறிக்கை முதல் தொப்புள் ஆறும் வரை முழுமையான வழிகாட்டி

கர்ப்பகால ஸ்கேன் அறிக்கையில் தொப்புள்கொடிக்குப் பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. அந்த ஒரு வரியில் ‘ஒரே தமனி’ என்றோ ‘கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று’ என்றோ எழுதியிருந்தால், வீட்டில் அதன்பிறகு யாருக்கும் தூக்கம் வராது. கேட்டவுடன் அச்சமூட்டும் பெயர்கள் பலவும் குழந்தைக்கு எந்தத் தீங்கும் செய்யாதவை. யாரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்றிரண்டோ, முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவையாகவும், தெரியாமல் போனால் சில நிமிடங்களில் உயிரைப் பறிப்பவையாகவும் இருக்கின்றன. ஆகவே எந்தக் குறைபாட்டைப் பார்த்தாலும், இதனால் இனி என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து குழந்தையின் தொப்புள் ஆறும் வரை அந்தக் கேள்விக்கான விடைகளைக் கால வரிசையில் இங்கே பார்க்கலாம். சிகிச்சை முடிவுகளை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரே எடுக்க வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது, எப்போது காத்திருக்காமல் கிளம்புவது என்பவற்றுக்கு இது உதவும்.

படி 1: இயல்பான கொடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிறைமாதத்தில் தொப்புள்கொடி சராசரியாக 50 முதல் 60 செ.மீ. நீளமும், 1 முதல் 2 செ.மீ. தடிமனும் கொண்டிருக்கும். அதற்குள் ஒரு சிரையும் இரண்டு தமனிகளும் ஓடுகின்றன. நஞ்சுக்கொடியிலிருந்து பிராணவாயுவும் ஊட்டமும் நிறைந்த இரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவருவது சிரை. குழந்தை பயன்படுத்திய இரத்தத்தைத் திரும்ப எடுத்துச்செல்பவை தமனிகள். மூன்றையும் சுற்றி, 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயரால் வழங்கும் வார்ட்டன் ஜெல்லி என்னும் வழுவழுப்பான, மெத்தென்ற பொருள் நிறைந்திருக்கிறது. முறுக்கிய கயிற்றைப் போலக் குழாய்கள் ஒன்றையொன்று சுற்றிச் செல்வதாலும், இந்த ஜெல்லி மெத்தையாக இருப்பதாலும், குழந்தை புரண்டாலும் உதைத்தாலும் இரத்த ஓட்டம் எளிதில் தடைபடுவதில்லை. கொடியில் நரம்புகள் இல்லை என்பதால் அதை வெட்டும்போது குழந்தைக்கோ தாய்க்கோ வலிப்பதில்லை.

இங்கே ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தமனியின் சுவர் தடித்தது. சிரையின் சுவர் மெல்லியது. எனவே கொடி அழுந்தும்போது முதலில் அடைபடுவது குழந்தைக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் சிரைதான். பின்னால் வரும் பல விஷயங்களுக்கு இதுவே விளக்கம்.

படி 2: 18 முதல் 22 வார ஸ்கேனில் நான்கு கேள்விகள்

குழந்தையின் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் இந்த ஸ்கேன்தான் தொப்புள்கொடியை ஆராயவும் மிக நல்ல வாய்ப்பு. கர்ப்பம் முதிர்ந்த பிறகு, குழந்தையின் உடலே நஞ்சுக்கொடியை மறைத்துவிடுவதால், கொடி எங்கே இணைகிறது என்பதைப் பார்ப்பது கடினமாகிவிடும். அறிக்கையில் பின்வரும் நான்குக்கும் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தயங்காமல் கேளுங்கள்.

கொடியில் எத்தனை இரத்தக்குழாய்கள்? நஞ்சுக்கொடியின் எந்த இடத்தில் கொடி இணைகிறது: நடுவிலா, ஓரத்திலா, சவ்விலா? கருப்பையின் வாயை ஒட்டியோ அதற்குக் குறுக்காகவோ நஞ்சுக்கொடியோ இரத்தக்குழாயோ இருக்கிறதா? குழந்தையின் வயிற்றில் கொடி சேரும் இடம் இயல்பாக மூடியிருக்கிறதா?

முதல் கேள்விக்கு விடை காணும் முறை எளிமையானது. இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வண்ண டாப்ளரை இயக்கிக் குழந்தையின் சிறுநீர்ப்பையைப் பார்த்தால், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு தமனி வண்ணக்கோடாக ஓடுவது தெரியும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால், தமனி ஒன்றுதான் இருக்கிறது.

படி 3: அறிக்கையில் வரும் பெயர்களைத் தரம்பிரியுங்கள்

ஒரே தமனி. ஒற்றைக் கர்ப்பங்களில் சுமார் 0.5 முதல் 1 சதவீதம் வரை இது காணப்படுகிறது; இரட்டைக் கர்ப்பங்களில் இன்னும் அதிகம். இங்கே கேட்க வேண்டியது, இது தனியாக இருக்கிறதா, வேறு குறைபாடுகளோடு சேர்ந்து இருக்கிறதா என்பதுதான். இதயம், சிறுநீரகம், குடல், முதுகெலும்பு ஆகியவற்றில் மாற்றம் ஏதும் சேர்ந்திருந்தால் குரோமோசோம் பரிசோதனையைப் பற்றி மருத்துவர் பேசுவார். மற்ற அனைத்தும் இயல்பாக இருந்து இது மட்டுமே இருந்தால், பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஒரு தமனி இரண்டின் வேலையையும் செய்துவிடும். எனினும் வளர்ச்சி குன்றும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், கடைசி மூன்று மாதங்களில் எடையும் வளர்ச்சியும் சரியாக இருக்கின்றனவா என்று கூடுதல் ஸ்கேன் செய்வது வழக்கம்.

சவ்வில் இணையும் கொடி. வழக்கமாகக் கொடி நஞ்சுக்கொடியின் திசுப்பகுதியில் நேரடியாக இணையும். சுமார் 1 சதவீதக் கர்ப்பங்களில் அது பனிக்குடத்தின் சவ்வில் இணைந்து, அங்கிருந்து இரத்தக்குழாய்கள் தனித்தனியாகப் பிரிந்து, ஜெல்லியின் பாதுகாப்பே இல்லாமல் சவ்வின் மேல் ஊர்ந்து நஞ்சுக்கொடியை அடைகின்றன. இந்தக் குழாய்கள் கருப்பையின் மேற்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் வளர்ச்சியைக் கண்காணிப்பதே போதுமானது. அவை கருப்பை வாய்க்குக் குறுக்காகவோ மிக அருகிலோ ஓடினால், அந்த நிலைக்கு வாசா ப்ரீவியா என்று பெயர். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பெயரை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். பனிக்குடம் உடையும்போது சவ்வு கிழிகிறது. சவ்வோடு இந்தக் குழாயும் கிழியலாம். அப்போது வெளியேறுவது தாயின் இரத்தம் அல்ல, குழந்தையின் இரத்தம். நிறைமாதக் குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் மொத்தமே ஏறக்குறைய கால் லிட்டர்தான். தாய்க்கு ஒரு பொருட்டாகவே இல்லாத அளவு இரத்தப்போக்கு, குழந்தைக்கு உயிரிழப்பாக முடியும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்கு முன்பே இந்நிலை கண்டறியப்பட்ட குழந்தைகளில் 97 சதவீதம் பேர் உயிர்பிழைத்தனர்; கண்டறியப்படாதவர்களில் 44 சதவீதம் பேர் மட்டுமே உயிர்பிழைத்தனர். இத்தனைக்கும் இதைக் கண்டறியத் தேவைப்படுவது வண்ண டாப்ளருடன் பிறப்புவழியாகச் செய்யும் சில நிமிட ஸ்கேன்தான்.

யாருக்கு இந்த ஸ்கேனை வற்புறுத்திக் கேட்க வேண்டும்? கொடி சவ்வில் இணைந்திருப்பவர்களும், நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகவோ முன்பு கீழே இருந்து பிறகு மேலே நகர்ந்ததாகவோ சொல்லப்பட்டவர்களும், நஞ்சுக்கொடி இரு பகுதிகளாகவோ துணைப்பகுதியுடனோ இருப்பவர்களும், செயற்கைக் கருத்தரிப்பு முறையில் கருவுற்றவர்களும், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்களும் கேட்க வேண்டும். குறிப்பாக ‘நஞ்சுக்கொடி மேலே போய்விட்டது, இனிக் கவலையில்லை’ என்று கேட்டு நிம்மதி அடைந்தவர்கள், அது விட்டுச்சென்ற குழாய் ஏதேனும் கருப்பை வாயருகே இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வாசா ப்ரீவியா உறுதியானால், வலி தொடங்கும்வரை காத்திருக்காமல், பொதுவாக 34 முதல் 37 வாரங்களுக்குள் சிசேரியன் திட்டமிடப்படும். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியும், சிலருக்கு முன்கூட்டியே மருத்துவமனையில் தங்குவதும் அந்தத் திட்டத்தில் அடங்கும்.

வயிற்றுச் சுவர்க் குறைபாடுகள். கொடி சேரும் இடத்திலேயே வயிற்றுச் சுவர் மூடாமல், குடலும் சில வேளைகளில் கல்லீரலும் ஒரு மெல்லிய உறைக்குள் வெளியே பிதுங்கி நிற்பது ஓம்ஃபலோசீல். கொடிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறம், உறையே இல்லாமல் குடல் வெளியே வருவது காஸ்ட்ரோஸ்கைசிஸ். முதலாவதில் இதயக் குறைபாடும் குரோமோசோம் மாற்றமும் சேர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவற்றை விரிவாகத் தேட வேண்டும். இரண்டாவதில் அந்த வாய்ப்பு குறைவு. இரண்டுக்குமே, குழந்தைகள் அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் பிரசவத்தை ஏற்பாடு செய்வதுதான் பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

கொடியில் நீர்க்கட்டி, வயிற்றுக்குள் தொப்புள் சிரை விரிந்திருத்தல், முறுக்கு மிகக் குறைவாகவோ அதிகமாகவோ இருத்தல் ஆகியவையும் அறிக்கையில் வரலாம். முதல் இரண்டுக்கும் தொடர் ஸ்கேன் தேவை. முறுக்கைப் பற்றிய குறிப்பை மட்டும் தனியாக வைத்து முடிவெடுப்பதற்கு ஒன்றுமில்லை.

படி 4: கழுத்தைச் சுற்றிய கொடியையும் முடிச்சையும் அவற்றுக்குரிய அளவில் பாருங்கள்

பிரசவங்களில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதத்தில் குழந்தை கொடியைச் சுற்றிக்கொண்டுதான் பிறக்கிறது. இத்தனை பேருக்கு நேர்வதைக் குறைபாடு என்று சொல்வதே பொருத்தமா என்பது ஐயம்தான். குழந்தை கருப்பைக்குள் மூச்சுக்குழாய் வழியாகச் சுவாசிப்பதில்லை. ஆகவே கழுத்து நெரிபடும் என்று நாம் கற்பனை செய்யும் ஆபத்து அங்கே இல்லை. கொடிக்குள் இரத்தம் ஓடுகிறதா என்பது மட்டுமே கேள்வி. ஸ்கேனில் தெரியும் சுற்று அடுத்த வாரம் அவிழ்ந்திருக்கலாம். அதனால் அதை மட்டுமே காரணமாகக் காட்டி சிசேரியன் செய்யத் தேவையில்லை. தாய் கையைத் தலைக்கு மேலே தூக்கினால் கொடி சுற்றிக்கொள்ளும் என்பதற்கும் எந்த அடிப்படையும் இல்லை. கொடி சுற்றுவது குழந்தையின் அசைவால்.

பிரசவத்தின்போது தலை வெளியே வந்ததும், மருத்துவரோ செவிலியரோ விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்து, தளர்வான சுற்றாக இருந்தால் தலைக்கு மேலாக எடுத்துவிடுவார். இறுக்கமாக இருந்தால், குழந்தையின் தலையைத் தாயின் தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு, உடலைக் குட்டிக்கரணம் போலப் புரட்டி வெளியே எடுத்த பிறகு சுற்றை அவிழ்ப்பது உண்டு. இறுக்கமான சுற்றோடு பிறந்த குழந்தை சில வேளைகளில் வெளிறிக் காணப்படும். மெல்லிய சிரை அழுந்தியிருக்க, தடித்த தமனிகள் தொடர்ந்து இரத்தத்தை நஞ்சுக்கொடிக்கு அனுப்பிக்கொண்டே இருந்ததால் ஏற்படும் இரத்தக்குறைவே அதற்குக் காரணம். அப்படிப்பட்ட குழந்தையை முதல் சில மணி நேரம் கூடுதலாகக் கவனிப்பார்கள். முகத்தில் மட்டும் நீலம் பாரித்தோ சிறு சிவப்புப் புள்ளிகளாகவோ இருந்து, உடலும் நாக்கும் நல்ல நிறமாக இருந்தால் அது தானாக மறையும்.

உண்மையான முடிச்சு சுமார் 1 சதவீதக் கர்ப்பங்களில் மட்டுமே. நீளமான கொடி, மிகுதியான பனிநீர், ஒரே பனிக்குடத்தைப் பகிரும் இரட்டையர் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். தளர்வாக இருக்கும்வரை தீங்கில்லை, இறுகினால் ஆபத்து. பெரும்பாலும் பிறந்த பிறகே தெரியவரும் இதற்கு, அடுத்த படியில் வரும் அசைவுக் கண்காணிப்பைத் தவிர நடைமுறையில் வேறு காவல் இல்லை. குழாய் வளைந்து புடைத்ததால் முடிச்சு போலத் தோன்றும் பொய் முடிச்சுகளுக்கு மருத்துவ முக்கியத்துவம் ஏதுமில்லை.

படி 5: 28 வாரத்துக்குப் பிறகு அசைவையும் பனிக்குடத்தையும் கவனியுங்கள்

ஒவ்வொரு குழந்தைக்கும் அசைவில் ஒரு வழக்கம் இருக்கும். இத்தனை உதை என்ற பொதுவான எண்ணிக்கையைவிட, உங்கள் குழந்தையின் வழக்கம் மாறியிருக்கிறதா என்பதே முக்கியம். ‘நாள் நெருங்கினால் இடம் போதாமல் அசைவு குறையும்’ என்பது தவறான ஆறுதல். அசைவின் தன்மை மாறலாம். அசைவு குறையக் கூடாது. குறைந்ததாகத் தோன்றினால் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் இதயத்துடிப்பைக் கேட்கும் சிறு கருவிகளை நம்பி ஒத்திப்போடாதீர்கள். துடிப்பு இருக்கிறது என்பது குழந்தை நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

பனிக்குடம் உடைந்ததும் கொடி குழந்தைக்கு முன்பாக வழுக்கி வெளியே வருவது கொடி இறக்கம். அரிதானது, ஆனால் குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ இருப்பவர்களுக்கும், பனிநீர் மிகுந்தவர்களுக்கும், குறைமாதத்தில் பனிக்குடம் உடைந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். வீட்டில் இருக்கும்போது வழுவழுப்பான கயிறு போன்ற ஒன்று பிறப்புவழியில் தட்டுப்பட்டாலோ தெரிந்தாலோ, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தாய் முழந்தாளிட்டு, மார்பைத் தரையோடு தாழ்த்தி, இடுப்பை உயர்த்திய நிலையில் இருக்கட்டும். குழந்தையின் எடை கொடியை விட்டு விலகும். வண்டியில் ஏறிய பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துப் படுப்பது பாதுகாப்பானது. கொடியை உள்ளே தள்ள முயலக் கூடாது; அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் குழாய்களைச் சுருங்கச் செய்யும். வலி வந்தாலும் முக்கக் கூடாது.

பனிக்குடம் உடைந்த நீர் சிவப்பாக வந்தாலும் இதே அவசரம்தான். காரணம் படி 3இல் உள்ளது.

படி 6: பிறந்த முதல் நிமிடங்கள்

குழந்தை அழுது நன்றாக மூச்சுவிட்டால், கொடியை உடனே வெட்டத் தேவையில்லை. குறைந்தது 1 நிமிடமாவது காத்திருக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நஞ்சுக்கொடியில் தேங்கியிருக்கும் இரத்தம் குழந்தைக்கு வந்துசேர்வதால், அடுத்த சில மாதங்களுக்கு இரும்புச்சத்து இருப்பு கூடுகிறது. குழந்தை மூச்சுவிடத் திணறினாலோ கொடியிலிருந்து இரத்தம் கசிந்தாலோ இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

வெட்டிய முனையை உற்றுப் பார்த்தால், வெண்மையான ஜெல்லிக்கு நடுவே தடித்த விளிம்புடன் சற்றுத் துருத்திய இரண்டு சிறு புள்ளிகளும், தளர்ந்து விரிந்த ஒரு பெரிய துளையும் தெரியும். முதல் இரண்டும் தமனிகள், மூன்றாவது சிரை. ஸ்கேனில் தவறவிட்ட ஒரே தமனி இங்கே பிடிபடும். அப்போது குழந்தைகள் மருத்துவர் இதய ஒலி, ஆசனவாய், பிறப்புறுப்பு, முதுகு ஆகியவற்றைக் கவனமாகப் பரிசோதிப்பார். கர்ப்பகால ஸ்கேனில் சிறுநீரகங்கள் சரியாகப் பார்க்கப்படவில்லை என்றால் அவற்றுக்கு ஒரு ஸ்கேன் செய்யலாம். வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தொப்புளிலிருந்து பிற்பாடு இரத்தம் கசிவதைத் தடுப்பதில் அதற்குப் பங்குண்டு.

படி 7: கொடித்துண்டு விழும்வரை

மஞ்சள் கலந்த வெண்மையாக ஈரத்துடன் இருக்கும் துண்டு, நாளாக ஆகப் பழுப்பாகிக் கறுத்துச் சுருங்கி, பெரும்பாலும் 5 முதல் 15 நாள்களுக்குள் விழும். அதுவரை செய்ய வேண்டியது மிகக் குறைவு. பலருக்கு அந்தக் குறைவுதான் கடினமாக இருக்கிறது. கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே தொடுங்கள். டயப்பரின் மேல்விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள். சிறுநீரோ மலமோ பட்டால் சுத்தமான நீரால் துடைத்து, மென்மையான துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். எண்ணெய், பொடி, சாம்பல், பால், களிம்பு எதையும் வைக்காதீர்கள். இவற்றின் வழியாகக் கிருமிகள் நுழையலாம். பச்சிளங்குழந்தைக்கு வரும் டெட்டனஸுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இத்தகைய பொருள்களை வைக்கும் பழக்கம் பரவலாக உள்ள இடங்களில் மட்டும், முதல் வாரத்தில் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி மருந்தைத் தடவ உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த மருந்தைக் கண் சொட்டு மருந்தாக எண்ணிக் கண்ணில் விட்டு, கண் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு என்பதால், அதைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

விழும் நேரத்தில் துணியில் ஓரிரு சொட்டு இரத்தக்கறை படுவதும், அடியில் சிறிது பிசுபிசுப்பு இருப்பதும் இயல்பே. துண்டு ஒரு நூலில் தொங்கினாலும் இழுக்காதீர்கள்.

படி 8: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

தொப்புளைச் சுற்றிய தோல் சிவந்து, சூடாகி, வீங்கி, சீழோ துர்நாற்றமோ வந்தால் அது தொப்புள் தொற்று. வீட்டுச் சிகிச்சைக்கு இங்கே இடமே இல்லை. தொப்புளின் குழாய்கள் கல்லீரலுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் நேரான வழி என்பதால், சில மணி நேரத்திலேயே தொற்று உடலெங்கும் பரவக்கூடும். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் குறித்துவைத்தால், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது பரவியிருக்கிறதா என்று மருத்துவருக்குக் காட்டலாம். குறித்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. பால் குடிக்க மறுத்தல், அசாதாரணமான சோர்வு, வலிப்பு, மூச்சுவிடும்போது மார்பு உள்ளிழுத்தல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், உடல் 35.5 டிகிரிக்குக் கீழே குளிர்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், தொப்புள் பார்க்க நன்றாக இருந்தாலும், உடனே செல்லுங்கள்.

அழுத்தினாலும் நிற்காத இரத்தக்கசிவுக்கும் அதே அவசரம். வைட்டமின் கே குறைவோ, இரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடோ காரணமாக இருக்கலாம். மூன்று வாரமாகியும் துண்டு விழவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, அரிதாக நோயெதிர்ப்பு அணுக்களின் குறைபாடு இப்படி வெளிப்படுவது உண்டு.

துண்டு விழுந்த பிறகு உள்ளே இளஞ்சிவப்பாக ஈரச்சதை ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் கிரானுலோமா. மருத்துவர் சில்வர் நைட்ரேட்டால் தொட்டாலே சுருங்கிவிடும். அந்தச் சிகிச்சைக்கும் அடங்காமல் நீடித்தாலோ, தொப்புளிலிருந்து தெளிந்த நீர் விடாமல் ஒழுகினாலோ, மலம் போன்ற கழிவு வந்தாலோ, கருவில் மூடியிருக்க வேண்டிய ஒரு வழி மூடாமல் இருக்கலாம். தெளிந்த நீர் ஒழுகினால் அது சிறுநீர்ப்பையோடு இணைந்த வழி, கழிவு வந்தால் குடலோடு இணைந்த வழி; இரண்டையும் அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

அழும்போது தொப்புள் புடைத்து, அமைதியானதும் உள்ளே போவது தொப்புள் குடலிறக்கம். பெரும்பாலும் 4 அல்லது 5 வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். நாணயம் வைத்துக் கட்டுவதும் பட்டை ஒட்டுவதும் அதை விரைவில் மூடச் செய்வதில்லை. தோலைப் புண்ணாக்குவதுதான் மிச்சம். அரிதாகப் புடைப்பு கெட்டியாகி, நிறம் மாறி, தொட்டால் குழந்தை வீறிட்டு அழுது, உள்ளே போகாமலே நின்று, வாந்தியும் சேர்ந்தால் குடல் சிக்கியிருக்கலாம். அப்போது பால் கொடுப்பதை நிறுத்தி, நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.